கையெழுத்துப் போடும் முன்: தாதியர் மேற்படிப்பும் பெற்றோரின் பிணையும்

(பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தாதியர் படிப்பைப் பற்றிப் பேச ஒரு வழக்கறிஞர் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். என் அலுவலகத்துக்கு வந்த ஒரு தாயைப் பற்றிச் சொன்னால் உங்களுக்கே புரியும்.

அந்த அம்மா ஒரு தொழிற்சாலையில் துப்புரவு வேலை செய்பவர். பிளாஸ்டிக் பை நிறைய கடிதங்களைக் கொண்டு வந்து மேசை மேல் கொட்டினார். மகள் ஒரு தனியார் மருத்துவமனையின் செலவில் தாதிமை டிப்ளோமா முடித்தவள். அங்கேயே வேலை பார்த்துக்கொண்டு, வார விடுமுறையில் படித்து, பட்டமும் வாங்கிவிட்டாள். பிறகு அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் தாதிமை, பொதுச் சுகாதாரம் இரண்டும் இணைந்த முதுகலைப் படிப்புக்கு மனுப் போட்டாள். இடமும் கிடைத்தது. வேலையை விட்டு விலகுவதாகக் கடிதம் கொடுத்த அடுத்த வாரம் வக்கீல் நோட்டீஸ் வந்தது. மகளுக்கு ஒன்று, தாய்க்கு ஒன்று. கேட்ட தொகை அறுபதாயிரம் வெள்ளிக்கு மேல்.

"நான் சாட்சிக் கையெழுத்துதான் போட்டேன் லாயர் சார்" என்றார் அந்த அம்மா.

ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். அவர் கையெழுத்துக்குக் கீழே மலாயில் 'பெஞ்சாமின்' என்று இருந்தது. சாட்சிக்கு 'சக்சி' என்று இருக்கும். 'பெஞ்சாமின்' என்றால் பிணை நிற்பவர். இந்த ஒரு சொல்லுக்காகத்தான் இன்று இங்கே நிற்கிறேன்.

முதலில் படிப்பு. அமெரிக்காவில் சில பல்கலைக்கழகங்கள் தாதிமை முதுகலையையும் பொதுச் சுகாதார முதுகலையையும் சேர்த்து நடத்தி வந்துள்ளன. அட்லாண்டா நகரிலுள்ள எமரி பல்கலைக்கழகம் அவற்றில் ஒன்று. அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் தலைமையகம் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தனித்தனியாகப் படித்தால் ஆகும் காலத்தைவிட இணைப்புப் படிப்பு சீக்கிரம் முடியும். சில பாடங்கள் இரண்டு பட்டங்களுக்கும் கணக்கில் சேர்வதே காரணம்.

ஒரு தாதிக்கு இரண்டு பட்டம் எதற்கு? கட்டிலில் படுத்திருக்கும் நோயாளியைக் கவனிப்பது தாதிமை. அதே தெருவிலிருந்து பத்துப் பேர் ஏன் அதே நோயோடு வருகிறார்கள் என்று கேட்பது பொதுச் சுகாதாரம். இது நமக்குத் தூரத்து விஷயமல்ல. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர்! மாமா ஒருவருக்குக் கால் விரலை எடுத்தார்கள், அத்தை ஒருவர் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் போகிறார் என்ற பேச்சு இல்லாத வீடு நம்மில் எத்தனை?

மனுவோடு ஒரு கட்டுரை கேட்பார்கள். ஏன் இரண்டையும் சேர்த்துப் படிக்க விரும்புகிறாய் என்பதே அதன் சாரம். நம் பிள்ளைகள் அதில் "சிறு வயது முதலே சேவை செய்ய ஆசை" என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதாதே, தங்கச்சி. உன் பாட்டி பால்மரம் சீவப் போனபோது உன் அம்மா ஆயாக்கொட்டாயில் கிடந்ததை எழுது. தோட்டத்து டிரெஸ்ஸர் எல்லா நோய்க்கும் ஒரே மருந்தைக் கொடுத்ததாகப் பாட்டி சொன்னால், அதையும் எழுது. தோட்டம் விற்கப்பட்ட பிறகு குடும்பம் அடுக்குமாடி வீட்டுக்கு வந்து, நடை குறைந்து, இனிப்பு நீர் வந்த கதையை எழுது. பிறகு வார்டில் நீ கண்ணால் பார்த்ததை அதோடு சேர். வேறு யாராலும் எழுத முடியாத கட்டுரை அது.

பரிந்துரைக் கடிதத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் வீடுகளில் பரிந்துரை என்றதும் ஒய்.பி.யைத் தேடி ஓடுகிறோம். இல்லாவிட்டால் கோயில் தலைவர். அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு அவர்கள் கடிதம் தேவையில்லை. உன் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்த வார்டு சிஸ்டர், உனக்குப் பாடம் நடத்திய விரிவுரையாளர், இவர்கள்தான் எழுத வேண்டும். இரவு வேலையில் நீ எப்படி, தவறு நடந்தால் மறைப்பாயா சொல்வாயா என்பதெல்லாம் அவர்களுக்குத்தானே தெரியும்?

தகுதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டிப்ளோமா மட்டும் போதாது, இளங்கலைப் பட்டம் வேண்டும். டிப்ளோமா முடித்து, தாதியர் வாரியத்தில் பதிந்து வேலை செய்பவர்கள் மேலே படிக்க, மலேசியத் திறந்த பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் பட்டப்படிப்பு உண்டு. ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும். மதிப்பெண் பட்டியலை வெளிநாட்டுச் சான்றுகளை மதிப்பிடும் நிறுவனத்துக்கு அனுப்பச் சொல்வார்கள். நோயாளிகளை நேரடியாகப் பார்க்கும் பிரிவு என்றால் பெரும்பாலும் அமெரிக்கத் தாதியர் உரிமமும் கேட்பார்கள். அதற்கு 'என்கிளெக்ஸ்' என்ற தேர்வில் தேற வேண்டும். பல இடங்களில் இரண்டு பள்ளிகளுக்கும் தனித்தனி மனு. ஒன்று எடுத்துக்கொண்டு மற்றது மறுக்கலாம், அதற்கும் தயாராக இருங்கள்.

பெயரிலும் கவனம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அமெரிக்கப் பாரம் அதைக் கேட்கும். ஒரு பாரத்தில் அப்பா பெயரைப் போட்டு, இன்னொன்றில் 'அ/பெ' என்று சேர்த்து, மூன்றாவதில் விட்டுவிட்டால், மூன்று வெவ்வேறு ஆட்கள் ஆகிவிடுவீர்கள். கடப்பிதழில் உள்ளபடியே எல்லாவற்றிலும் எழுதுங்கள். பிறப்புப் பத்திரத்தில் எழுத்து மாறியிருந்தால் சத்தியப் பிரமாணம் ஒன்றை முன்கூட்டியே செய்து வையுங்கள். (பிறப்புப் பத்திரமே இல்லாமல், சிவப்பு அடையாள அட்டையோடு தவிக்கும் நம் பிள்ளைகளின் கதை வேறு. அதற்குத் தனியாக ஒரு நாள் பேச வேண்டும்.)

இனி ஒப்பந்தத்துக்கு வருகிறேன்.

18 வயதுப் பெண், எஸ்.பி.எம். முடித்த கையோடு, இலவசப் படிப்பு, வேலை உத்தரவாதம் என்றதும் கையெழுத்துப் போடுகிறாள். பெற்றோர் பிணை நிற்கிறார்கள். 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 81ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாதவரை, கடன்பட்டவருக்கு உள்ள பொறுப்பு முழுவதும் பிணையாளிக்கும் உண்டு என்கிறது. மகளிடம் கேட்டுவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்பதில்லை. வயது 18 ஆகவில்லை, அதனால் செல்லாது என்ற வாதமும் எல்லா இடத்திலும் எடுபடாது. அரசாங்கமோ கல்வி நிலையமோ தரும் உபகாரச் சம்பள ஒப்பந்தங்களுக்கு 1976ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தக் கதவை மூடிவிட்டது. அத்தகைய ஒப்பந்தங்களில் நட்டத்தை நிரூபிக்காமலேயே முழுத் தொகையையும் கேட்க முடியும்.

தனியார் மருத்துவமனையுடன் செய்த ஒப்பந்தமா? அங்கே வாதாட இடமுண்டு, ஆனால் இப்போது கொஞ்சம் கடினம். 1995 முதல், இழப்பீடு கேட்பவர்தான் தன் நட்டத்தை நிரூபிக்க வேண்டும் என்று இருந்தது. 2018இல் கூட்டரசு நீதிமன்றம் அதை மாற்றியது. ஒப்பந்தத்தில் எழுதிய தொகை அநியாயம் என்றால், அதை நாம்தான் காட்ட வேண்டும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2017 அக்டோபர் 6 முதல், பிள்ளையின் கல்விக் கடனுக்கோ உபகாரச் சம்பளத்துக்கோ லாப நோக்கமின்றிப் பிணை நின்றவரை 'சமூகப் பிணையாளி' என்று திவால் சட்டம் ஏற்கிறது. அவரைத் திவாலாக்க நடவடிக்கை எடுக்க முடியாது. ஆனால் வழக்குப் போடலாம், தீர்ப்பு வாங்கலாம், பொருளைப் பறிமுதல் செய்யலாம். திவால் பயம் காட்டுகிறவர்களிடம் ஏமாறாதீர்கள். அதற்காக நோட்டீஸை அலமாரி மேல் போட்டுவிட்டுச் சும்மாவும் இருக்காதீர்கள்.

ஆகவே கையெழுத்துக்கு முன் கேளுங்கள். எத்தனை ஆண்டு வேலை செய்ய வேண்டும்? பாதியில் விலகினால் முழுத் தொகையா, மீதி மாதங்களுக்கு மட்டுமா? மேற்படிப்புக்கு விடுப்பு உண்டா? ஒப்பந்தம் கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்தப் பணம் இல்லாவிட்டால் நம் பிள்ளைகளில் பலர் தாதியர் கல்லூரி வாசலையே மிதித்திருக்க மாட்டார்கள். எந்த வயதில் மேலே போகலாம் என்பது அந்தத் தாளில் எழுதியிருக்கிறது என்று தெரிந்து போடுங்கள்.

வெளிநாட்டு உதவித் தொகைகளும் இதே மாதிரிதான். பிரிட்டனின் செவ்னிங் உதவித் தொகையில் ஓராண்டு முதுகலை படித்தால், குறைந்தது 2 ஆண்டுகள் நாட்டில் வந்து இருக்க வேண்டும். அமெரிக்காவின் ஃபுல்பிரைட்டிலும் 2 ஆண்டு நிபந்தனை உண்டு. ஃபுல்பிரைட் பற்றி, மலேசிய-அமெரிக்கக் கல்விப் பரிமாற்ற ஆணையத்தில் விசாரியுங்கள். ஏஜெண்டிடம் பணம் கட்டி வாங்க வேண்டிய தகவல் அல்ல இது. இன்னொன்று, விசாவுக்குச் செல்லும் முன் முதலாண்டுச் செலவுக்குப் பணம் இருப்பதைப் பல்கலைக்கழகத்துக்குக் காட்ட வேண்டும். அதற்காக ஆலோங்கிடம் கடன் வாங்கி வங்கியில் போட்டுக் காட்டாதீர்கள். அப்படிச் செய்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

அந்த அம்மாவின் மகள் என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். மருத்துவமனையோடு பேசினோம். மேலும் ஓராண்டு வேலை செய்வது, மீதியைத் தவணையில் கட்டுவது என்று முடிவானது. பல்கலைக்கழகமும் அவள் இடத்தை ஓராண்டு தள்ளிவைக்க ஒப்புக்கொண்டது. எல்லாப் பல்கலைக்கழகமும் ஒப்புக்கொள்ளாது, இவளுக்கு அதிர்ஷ்டம். அவள் போய்விட்டாள். அம்மா இன்னும் மாதாமாதம் ரசீதைக் கொண்டு வந்து என்னிடம் காட்டுகிறார். நான் கேட்கவில்லை, அவராகவே கொண்டு வருகிறார்.

கூட்டம் முடிந்ததும் நானும் இரண்டு இளம் வழக்கறிஞர்களும் பின்பக்க மேசையில் இருப்போம். ஒப்பந்தம் வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள், கட்டணம் இல்லை. கையெழுத்துப் போட்ட கடைசிப் பக்கத்தை மட்டும் கொண்டு வராதீர்கள். எல்லாப் பக்கமும் வேண்டும்.