எட்டரை மணிக்கு வந்த அம்மையார்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் கிராணியார் ஒருவர் பேசியது)



நம் தோட்டத்துப் பால் வெள்ளை. டயர் மட்டும் ஏன் கறுப்பு? ரப்பரோடு கரித்தூள் சேர்க்கிறார்கள். தேயாமல் உழைக்கும் வலுவை அதுதான் தருகிறது. அதன் துகளை நானோமீட்டரில்தான் அளக்க வேண்டும். ஒரு மீட்டரை நூறு கோடி பங்கிட்டால் ஒரு பங்கு அது! அத்தனை நுண்ணிய அளவில் கரியின் குணங்களை ஆராய்ந்தவர் மில்ட்ரட் டிரெசல்ஹாஸ் அம்மையார்.

1930-இல் நியூயார்க்கில், பிழைக்க வந்த ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். உபகாரச் சம்பளத்தில் வயலின் படித்தார். பள்ளி ஆசிரியையாகும் எண்ணத்தோடு கல்லூரிக்குப் போனவரை, பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற ரோசலின் யாலோ என்னும் ஆசிரியை பௌதிகத்தின் பக்கம் திருப்பினார். 1958-இல் சிக்காகோவில் டாக்டர் பட்டம்.

1960-இல் ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். பிள்ளைகள் நால்வர். வேலை தொடங்குவது எட்டு மணி. அவர் வந்து சேர எட்டரை ஆகும். மேலே இருந்தவர்கள் அதைக் குற்றமாகப் பேசினார்கள்.

பெரட்டுக் களத்தில் நிற்கும் நமக்கு இது புதிய கதையா? பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டு ஓடிவரும் தாயின் பெயருக்கு நேரே ‘லேட்’ என்று எழுதியவர்கள் கிராணிமார்களாகிய நாங்கள்தாம். இங்கே அதை மறைத்துப் பேச எங்களுக்கு வாய் வரவில்லை.

அம்மையார் கரியைப் பிடித்துக்கொண்டதற்கும் வீடு ஒரு காரணம். அன்று அந்தத் துறையில் ஆள் குறைவு. பிள்ளைக்குக் காய்ச்சலென்று ஒருநாள் தங்கிவிட்டாலும் எவரும் முந்திவிட மாட்டார்கள். 1968-இல் எம்.ஐ.டி.யில் மின்பொறியியல் பேராசிரியர் ஆனார்.

1991-இல் ஜப்பானியரான சுமியோ இஜிமா கரிக்குழாய்களைப் பற்றி எழுதினார். அணுக்களால் முடைந்த பாயைச் சுருட்டியது போன்றவை அவை. சுருட்டும் சாய்வையும் சுற்றளவையும் பொறுத்து, ஒன்று உலோகம்போல் மின்சாரம் கடத்தும், மற்றொன்று டிரான்சிஸ்டருக்கு ஏற்ற அரைக்கடத்தியாகும் என்று அடுத்த ஆண்டே அம்மையாரும் ஜப்பானிய நண்பர்களும் கணக்கிட்டுச் சொன்னார்கள். இரண்டும் ஒரே கரி!

வயலினை அவர் விடவில்லை. வீட்டிலேயே கச்சேரி நடக்கும். 2012-இல் காவ்லி பரிசு பெற்றார். 2017-இல், 86-ஆம் வயதில் மறைந்தார்.

தோழர்களே, நிர்வாகத்திற்குக் கொடுக்க வேண்டிய மனு இதோ மேசைமீது இருக்கிறது. பெரட்டுக்கு அரைமணி முன்பே ஆயாக்கொட்டகை திறக்க வேண்டும்; கைப்பிள்ளைக்காரிக்குக் கால்மணி தாமதத்திற்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது. கிராணிமார்கள் முதலில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். தாய்மார்கள் ஒவ்வொருவராக முன்னே வாருங்கள்.