பத்தே முக்கால் கோடியும் பதினெட்டுப் பந்தும்

(பழைய மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"தொழில் அனுபவம்" பற்றிப் பேசுங்கள் என்று செயலாளர் கேட்டார். அம்பத்தூர் எஸ்டேட்டில் பன்னிரண்டு வருஷமாக மெயின்டெனன்ஸ் பார்க்கிறவனின் அனுபவத்தை எவர் உட்கார்ந்து கேட்பார்? ஆகவே கிரிக்கெட் பற்றிப் பேசுகிறேன் என்றேன். அவர் முகம் கொஞ்சம் மாறியது. சுற்றிச் சுற்றி எஸ்டேட்டுக்கே வந்து விடுவேன் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் மைக் கைக்கு வந்தது.

2025 மே மாதம், எங்கள் கேன்டீனில் ஒரு சண்டை. சண்டைக்குக் காரணம் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன். டிரெய்னியாக வந்திருக்கும் ஒரு தம்பி (நம் கல்லூரிதான், பெயர் சொன்னால் உதைப்பான்) செல்போனில் கணக்குப் போட்டுக் காட்டினான். டெல்லி அணி அவரை ஏலத்தில் எடுத்தது 10.75 கோடிக்கு. அந்த சீசனில் அவர் வீசியது மொத்தம் 3 ஓவர். கொடுத்த ரன் 49. விக்கெட் இல்லை. 18 பந்துக்கு 10.75 கோடி என்றால் பந்துக்கு ஏறக்குறைய 60 லட்சம். "சார், அவரோட ஒரு பந்து என்னோட இருபது வருஷச் சம்பளம் சார்!" என்றான். மேஜையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் இட்லி தொண்டையில் இறங்கவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நடராஜன் என் வயதுக்காரர். அப்பா நெசவுக் கூடத்தில் கூலி வேலை, அம்மா சாலையோரக் கடை. இருபது வயது வரை டென்னிஸ் பந்துதான். ஆவடி, பட்டாபிராம், கொரட்டூர் பக்கம் ஞாயிற்றுக்கிழமை மேட்ச் ஆடிய நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டென்னிஸ் பந்தில் கடைசி ஓவர் போடுகிறவனுக்கு ஒரே ஆயுதம், காலடியில் விழுகிற பந்து. ஒரு ஜான் முன்னால் விழுந்தால் ஃபுல் டாஸ், ஒரு ஜான் பின்னால் விழுந்தால் பந்து ஏரியில். அந்த யார்க்கரை வைத்தே மனிதர் சென்னைக்கு வந்தார். 2015-ல் ரஞ்சி அறிமுகம்; உடனேயே பந்து வீசும் முறை சந்தேகத்துக்குரியது என்று புகார். கை மடங்குவதைத் திருத்திக் கொண்டு திரும்பி வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

2017 ஏலத்தில் அவருக்கு அடிப்படை விலை 10 லட்சம். பஞ்சாப் அணி எடுத்தது 3 கோடிக்கு. அந்த சீசனில் 6 ஆட்டம், 2 விக்கெட். அப்போதும் இதே பேச்சுதான்: இவருக்கு இவ்வளவா? அடுத்த வருஷம் ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்து இரண்டு சீசன் பெஞ்சில் உட்கார வைத்தது. 2020-ல்தான் வாய்ப்பு வந்தது. 16 ஆட்டத்தில் 16 விக்கெட், அந்த சீசனில் அதிக யார்க்கர் வீசியவர் என்ற பெயர். எலிமினேட்டர் ஆட்டத்தில் டிவில்லியர்ஸின் ஸ்டம்ப் பெயர்ந்ததைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படியே ஆஸ்திரேலியாவுக்கு நெட் பவுலராகப் போனவர், வருண் சக்கரவர்த்திக்குத் தோளில் காயம் என்பதால் டி20 அணிக்குள் வந்து, ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக ஆடிவிட்டார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்டை நாம் ஜெயித்தபோது முதல் இன்னிங்ஸில் அவருக்கு 3 விக்கெட். அந்த மைதானத்தில் ஆஸ்திரேலியா 1988-க்குப் பிறகு அதுவரை டெஸ்டில் தோற்றதே இல்லை.

தம்பியின் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். 2020-ல் 40 லட்சத்துக்கு 16 விக்கெட்: விக்கெட்டுக்கு இரண்டரை லட்சம். 2024-ல் 4 கோடிக்கு 19 விக்கெட்: விக்கெட்டுக்கு 21 லட்சம். 2025-ல் விக்கெட் பூஜ்யம். பூஜ்யத்தால் வகுக்கக் கூடாது என்று முதல் வருஷக் கணக்கு வாத்தியாரே சொல்லிவிட்டார். இந்தக் கணக்குப்படி மனிதர் நன்றாக ஆடிய வருஷத்தில் மட்டமான கூலி, ஆடாத வருஷத்தில் ராஜ சம்பளம். கணக்கு தப்பில்லை. ஆனால் எதை அளக்கிறோம் என்பதில்தான் கோளாறு.

என் சித்தப்பா பையன் டெட்ராய்ட்டில் இருக்கிறான். அங்கே அவர்கள் ஃபுட்பால் என்று சொல்வது கையால் ஆடுகிற ஒரு முட்டுச் சண்டை. அதில் 'லைன்மேன்' என்று சிலர். ஆட்டம் முழுக்கப் பந்தைத் தொடவே மாட்டார்கள். பந்து எறிகிறவன் மேல் எதிரி விழாமல் குறுக்கே நின்று முட்டுவதுதான் உத்தியோகம். அந்த ஊர் அணியில் பெனே சூவெல் என்ற லைன்மேனுக்கு 2024-ல் நான்கு வருஷத்துக்கு 11 கோடியே 20 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் போட்டார்கள். ஸ்கோர் போர்டில் அவர் பெயருக்கு நேரே போடுவதற்கு ஒன்றும் இல்லை. "எதுக்குடா அவ்வளவு?" என்று கேட்டேன். "அவன் இருக்கும்போது எதுவும் நடக்காதுண்ணே, அதுக்குத்தான்" என்றான்.

கடைசி ஓவர் பவுலரும் கிட்டத்தட்ட அந்த ஜாதிதான். விழாத சிக்சரை எந்தப் பேப்பரிலும் போட மாட்டார்கள். 2024 ஏப்ரல் 20, டெல்லி மைதானம். ஹைதராபாத் 266, டெல்லி 199. ஒரே ராத்திரியில் 465 ரன். அந்த அடைமழையில் நடராஜன் 4 ஓவரில் 19 ரன் கொடுத்து 4 விக்கெட் எடுத்தார். மறுநாள் பேச்செல்லாம் அடித்தவர்களைப் பற்றித்தான். ஆனால் அன்று தோற்ற அணி அதைக் குறித்து வைத்துக் கொண்டது என்று நினைக்கிறேன். ஏழு மாதம் கழித்து, நவம்பரில் ஜெட்டாவில் நடந்த ஏலத்தில் 10.75 கோடிக்குக் கை தூக்கியது அதே டெல்லிதான்.

ஏலம் என்பதையும் கொஞ்சம் புரிந்து கொள்ள வேண்டும். விலையைத் தீர்மானிப்பது வாங்குகிறவன் அல்ல, அவனுக்கு முன்னால் கடைசியாகக் கை தூக்கிவிட்டுக் கீழே இறக்கியவன். அந்த ஏலத்தில் ஒவ்வோர் அணிக்கும் மொத்தம் 120 கோடி இருந்தது. பதினொரு பேரில் வெளிநாட்டவர் நான்கு பேருக்கு மேல் கூடாது. ஆகவே இந்தியன், இடது கை, வேகம், கடைசி ஓவர் என்று நான்கு வடிகட்டியில் சலித்தால் மிஞ்சுவது நாலைந்து பேர். அவர்களில் அர்ஷ்தீப் சிங் 18 கோடிக்குப் போனார். கோயம்பேட்டில் முகூர்த்த நாளில் மல்லிகைப்பூ வாங்கியவர்களுக்குத் தெரியும், பூ அன்று அதிகமாக மணப்பதால் விலை ஏறுவதில்லை.

சரி, 2025-ல் என்ன ஆயிற்று? வாங்கியவர்கள் அவரை ஆட விடவில்லை. 11.75 கோடிக்கு ஸ்டார்க், 8 கோடிக்கு முகேஷ் குமார், இன்னும் மோகித் சர்மா என்று ஆட்கள் இருந்தார்கள். சீசன் முழுவதும் அணியோடு இருந்தால் ஆடினாலும் ஆடாவிட்டாலும் பேசிய தொகை கிடைக்கும் என்பது விதி. நடராஜன் அந்தப் பதினெட்டுப் பந்தையும் வீசியது மே 18 அன்று, அதே டெல்லி மைதானத்தில், குஜராத்துக்கு எதிராக. அன்று டெல்லியின் எல்லாப் பந்து வீச்சாளர்களுக்கும் அடிதான். 200 ரன் இலக்கை விக்கெட்டே இழக்காமல் எடுத்தார்கள். 108 அடித்து நின்றவர் நம்ம ஊர் சாய் சுதர்சன். ஆக வாங்கியவனும் தமிழன், அடித்தவனும் தமிழன். நமக்கு எந்தப் பக்கம் கை தட்டுவது என்றே தெரியவில்லை.

நேராகக் கேட்டால் நேராகச் சொல்கிறேன். 2025-ல் செய்த வேலைக்கு 10.75 கோடி தகுமா? தகாது. அன்று வீசியது நல்ல பந்தும் அல்ல. ஆனால் அந்தக் கேள்வியை நடராஜனிடம் கேட்பது நியாயமில்லை என்பது என் தாழ்மையான கருத்து. ஒரு நல்ல மெஷினைக் கடன் வாங்கி வாங்கிப்போட்டு, தார்ப்பாய் போட்டு மூடி வைத்துவிட்டு, வருஷக் கடைசியில் "இது எத்தனை பீஸ் போட்டது?" என்று மெஷினைக் கேட்கலாமா? கேன்டீனில் சிரித்தவர்களுக்கு ஒரு தகவலும் சொல்லி விடுகிறேன். 2026 சீசனுக்கு டெல்லி அவரை விடவில்லை, தக்க வைத்துக் கொண்டது.

இனி, இட்லி ஏன் இறங்கவில்லை என்பது.

சில வருஷங்களுக்கு முன் என்னிடம் ஒரு டெக்னீஷியன் இருந்தார். ஐடிஐ படித்தவர், என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை சார் என்பார். எங்கள் பவர் பிரஸ் வரிசை முழுக்க அவர் கையில். காலை ஷிஃப்டுக்கு இருபது நிமிஷம் முன்னால் ஆவடி லோக்கலில் வந்து இறங்கி, ஒவ்வொரு பிரஸ் பக்கத்திலும் நின்று சத்தம் கேட்பார். கிரீஸ் அடிப்பார், ஆயில் லைனைக் கழற்றி ஊதிப் பார்ப்பார், பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்ப்பார். இதையெல்லாம் ரிஜிஸ்டரில் எழுத மாட்டார். எழுதச் சொன்னால், "என்னா சார், மூஞ்சி கழுவுனதெல்லாமா எழுதி வெக்கிறது?" என்பார்.

வருஷக் கடைசியில் சம்பள உயர்வுக்கான படிவம் வந்தது. அதில் ஒரு கட்டம்: 'சரி செய்த பிரேக்டவுன்களின் எண்ணிக்கை'. பக்கத்து வரிசை டெக்னீஷியனுக்கு 41. இவருக்கு 6. இவர் வரிசையில் பிரேக்டவுனே வரவில்லை, வந்தால்தானே சரி செய்ய? மேலே இருந்தவர்கள் 41-க்கு ஒரு கிரேடு, 6-க்கு ஒரு கிரேடு என்று போட்டு அனுப்பினார்கள். கடைசிக் கையெழுத்து என்னுடையது. எனக்குத் தெரியும். தெரிந்தும் போட்டேன். அந்த மாதம் எனக்கும் உயர்வு வர வேண்டியிருந்தது. எதிர்த்துப் பேசுகிற மாதம் அல்ல அது.

அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு மாதத்தில் ஒரகடத்துப் பக்கம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அடுத்த ஐந்தாவது மாதம், ஆயில் லைன் அடைத்து, 150 டன் பிரஸ்ஸில் கிராங்க் புஷ் வறண்டு இறுகிக் கொண்டது. நான்கு நாள் லைன் நின்றது. புஷ்ஷைக் கடைந்து வாங்கி, கிராங்க்கைப் பாலிஷ் போட்டு, வெளி ஆள் கூலி, தாமதத்துக்கு வாடிக்கையாளர் பிடித்தது என்று கூட்டினால், அண்ணனுக்குக் கொடுக்காமல் விட்ட உயர்வைப் போல எத்தனையோ மடங்கு. அதைச் சரி செய்த பையனுக்குப் படிவத்தில் ஒரு எண் கூடியது.

படிவத்தை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். மெஷின் நிற்காமல் ஓடிய மணி நேரத்துக்கும் ஒரு கட்டம் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். பரிசீலனையில் இருக்கிறது. பரிசீலனை என்றால் என்ன என்று வேலைக்குப் போனவர்களுக்குத் தெரியும்.

கேன்டீன் சண்டை நடந்த அன்று சாயங்காலம் அண்ணனுக்குப் போன் போட்டேன். நலம் விசாரித்தேன். பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்ததாம். பிறகு தயங்கித் தயங்கி, "திரும்பி வர்றீங்களாண்ணே, சம்பளம் நான் பேசுறேன்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னால் ஏதோ பிரஸ் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது, சீராக.

"சார், அந்தப் படிவத்துல அந்தக் கட்டம் இன்னும் இருக்குதா?" என்றார்.

"இருக்குண்ணே."

"அப்ப விடுங்க சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஷிஃப்ட் முடிகிற நேரம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார், சாம்பார் வாசனையும் வந்துவிட்டது.