பேரைக் கூப்பிட்டாங்க, அக்காவுக்குக் கேக்கல

வத்தலக்குண்டு தெருமுனைக் கூட்டத்தில் நமது ஐ.டி. விங் தம்பி பேசியதன் எழுத்து வடிவம்:



சுப்பிரமணிய சிவா பிறந்த ஊர் இது. மேடையில பேசினதுக்காக 1908-ல ஜெயிலுக்குப் போனவர். ஜெயில்ல தொழுநோய் வந்து, ரயில்ல ஏறக்கூடாதுன்னு வெள்ளைக்காரன் தடுத்தப்பவும் ஊர் ஊராப் போய்ப் பேசினார். அந்த ஊர்ல நின்னு, கையால பேசுற பெண்களைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லணும்.

எங்க தெருவுல ஒரு அக்கா, பூக்கட்டுறவங்க. பிறந்ததுல இருந்தே காது கேக்காது. அவங்க பேரு தெருவுல பாதிப் பேருக்குத் தெரியாது, "ஊமைச்சி"ம்பாங்க. சின்ன வயசுல நானும் அப்படித்தான் கூப்பிட்டேன், மறைக்கல. போன வருஷம் வயித்துவலின்னு தனியா ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. காலையில ஓ.பி. சீட்டு வாங்கினவங்க மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்தே இருந்தாங்க. மூணு தடவை பேரைக் கூப்பிட்டாங்களாம். எப்படிக் கேக்கும்? மறுநாள் அண்ணனைக் கூட்டிட்டுப் போனாங்க. டாக்டர் எல்லாத்தையும் அண்ணன்கிட்டயே கேட்டார், மாதவிலக்கு எப்ப வந்துச்சுங்கிறது வரைக்கும். அக்கா தலையைக் குனிஞ்சு உட்கார்ந்திருந்தாங்க.

அதே அக்காவை ராத்திரி பார்க்கணும் நீங்க! 2016-ல வாட்ஸ்அப்ல வீடியோ கால் வந்தது நமக்கு ஒரு வசதி, அவ்வளவுதான். இவங்களுக்கு அன்னைக்குத்தான் போனே வந்துச்சு. பேச ரெண்டு கையும் வேணுமே, அதனால போனை ஒரு சொம்புல சாய்ச்சு வச்சுக்குவாங்க. திண்டுக்கல், தேனி, மதுரைன்னு கூடப் படிச்ச பெண்களோட சிரிப்பு, சண்டை, மாமியார் கதை. கரண்ட் போனா பேச்சு நின்னுடும். ஆளுக்கொரு சைகைப் பேரு உண்டு. எனக்கும் வச்சிருக்காங்க: மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிடுற சைகை.

சட்டம் இல்லாம இல்ல. பாலியல் குற்றத்துக்கு ஆளான மாற்றுத்திறனாளிப் பெண்ணோட புகாரை, அவங்க வீட்டுக்கே போய், சைகை மொழி தெரிஞ்சவரை வச்சு, வீடியோவோட பதிவு பண்ணணும்னு 2013-லயே திருத்தம் வந்தாச்சு. ஆனா ஆபத்துன்னா இந்த நம்பருக்கு போன் பண்ணுங்கன்னு போர்டு வைக்கிறோம். போன் பண்ணி எப்படிப் பேசுறது?

இவங்களால முடியாதுன்னு யாராவது சொன்னா, 2023 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட்டுல சைகை மொழிபெயர்ப்பாளரோட ஆஜரான வக்கீல் சாரா சன்னியைக் காட்டுங்க. காது கேளாதோர் ஒலிம்பிக் பேட்மிண்டன்ல 3 தங்கம் ஜெயிச்ச நம்ம மதுரைப் பொண்ணு ஜெர்லின் அனிகாவைக் காட்டுங்க.

அடுத்தவங்களைச் சொல்றதுக்கு முன்னாடி நம்ம லட்சணத்தைச் சொல்லிடுறேன். நம்ம பக்கத்துல போடுற வீடியோ எதுலயாவது கீழ எழுத்து ஓடுதா? அந்த வேலை என்னோடது, நான் செய்யல. இனிமே எழுத்தில்லாம ஒரு வீடியோவும் போகாது. இந்தப் பேச்சையும் எழுதித்தான் போடப்போறேன், அக்கா படிக்கணும்ல.

அடுத்த கூட்டத்துக்குத் தோழிகளோட வர்றேன்னு அக்கா சொல்லியிருக்காங்க. மேடை ஓரத்துல சைகை மொழி தெரிஞ்சவர் நிக்கணும், அவர் கையில வெளிச்சம் விழணும். முன்வரிசையில அஞ்சு சேர் ஒதுக்கி வைங்கண்ணே.