மந்தகாலத்தில் பட்டதாரிகள் கற்க வேண்டுவது

(தேனாம்பேட்டையில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பிக்கும் எம்மைப் பொருளாதாரம் பற்றிப் பேசப் பணித்தமை சிலர்க்கு வியப்பாயிருக்கலாம். ஆயினும், எம்மிடம் பயின்ற மாணவர் பட்டம் பெற்றும் வேலையின்றித் திரும்பி வந்து, 'ஐயா, இனி என்ன செய்வது?' என்று வினவுதலை ஆண்டுதோறும் கேட்டு வருகின்றோம். அவ்வினாவிற்கு விடை கூறுதல் ஆசிரியர் கடனேயாம்.

முதற்கண் ஒன்று தெளிதல் வேண்டும். வாணிக மந்தம் என்பது மழை பொய்த்தல் போல இடையிடையே வருவது. 1929இல் அமெரிக்காவில் தோன்றிய பெருமந்தம் சென்னை மாகாணத்தையும் தாக்கிற்று, விளைபொருள்களின் விலை சரிந்தது, பி.ஏ. தேறியோரும் குமாஸ்தா வேலைக்கு அலைந்தனர். 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் வீழ்ந்தபின், கணினிக் கம்பெனிகளில் வேலை உறுதிபெற்றிருந்த பட்டதாரிகள் பலர்க்குச் சேரும் நாள் மாதக்கணக்கில் தள்ளிப்போயிற்று. 2020இல் கொள்ளைநோய் ஊரையே அடைத்தது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தன் ஊழியருள் ஏறத்தாழ 2 விழுக்காட்டினரை, அஃதாவது 12,000 பேருக்கு மேற்பட்டோரை, நீக்கப்போவதாக அறிவித்தது. ஆதலின், வேலை கிடையாமை ஒருவனுடைய அறிவின்மைக்குச் சான்றாகாது. இதனைப் பிள்ளைகளினும் பெற்றோரே முன்னர் உணர்தல் வேண்டும்.

இனி, மந்தகாலத்தில் எல்லாத் தொழிலும் ஒருங்கே வாடுவதில்லை. 1930ஆம் ஆண்டுகளில் கோயம்புத்தூரில் நிகழ்ந்ததை நோக்குக. நிலத்தில் இட்ட முதலுக்குப் பயனில்லாமற்போகவே, செல்வர் பலர் அதனை நூலாலைகளில் இட்டனர். 1932இல் பைக்காரா மின்சாரமும் வந்து சேர்ந்தது. நாடு வாடிய காலத்திலேயே அவ்வூரில் ஆலைகள் பெருகின. மோட்டாரும் நூற்பொறியும் பழுதுபார்க்க அறிந்த கைகளுக்கு அங்கே வேலையிருந்தது. ஒரு வாயில் அடைபடுங்கால் எவ்வாயில் திறக்கின்றது என்று பார்த்து, அதற்கேற்ற திறமையைத் தேடிக்கொள்வதே அறிவுடைமை.

மற்றொரு செய்தியும் கேண்மின். கனடா நாட்டுப் பட்டதாரிகளின் ஊதியக் கணக்குகளை ஆராய்ந்த கட்டுரையொன்று 2012இல் வெளிவந்தது. மந்தகாலத்தில் வேலைக்குப் புகுந்தோர் தொடக்கத்தில் ஏறத்தாழ 9 விழுக்காடு குறைந்த ஊதியம் பெற்றனர். அக்குறை ஐந்தாண்டில் பாதியாகி, பத்தாண்டளவில் நீங்கிற்று. எங்ஙனம் நீங்கிற்றெனின், சிறிய இடத்தில் தொடங்கி மேலான இடங்களுக்கு மாறியமையால். எனவே, முதல் வேலை சிறிதென்று தள்ளிவிட்டு வீட்டில் அமர்ந்திருத்தல் தகாது.

எதைக் கற்பது, எவ்வாறு கற்பது என்பதற்கு மூன்று நெறிகள் கூறுவோம்.

முதலாவது, பெற்ற படிப்பிற்கு அண்மையிலுள்ளதைக் கற்க. பி.காம். தேறியவர் ஆடிட்டர் ஒருவரிடம் ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்யப் பழகலாம். பௌதிகம் பயின்றவர் சூரிய மின்தகடு பொருத்துதலையும், குளிர்சாதனப் பழுதுபார்த்தலையும் கற்கலாம். எம்மைப்போல் தமிழ் பயின்றோர்க்கு மெய்ப்புத் திருத்தமும் மொழிபெயர்ப்பும் உள.

இரண்டாவது, அத்தொழிலை நாடோறும் செய்வாரிடம் கற்க. சான்றிதழ்களை அடுக்கி வைத்தல் திறமையாகாது. நீச்சலைக் கரையிலிருந்து கற்றவர் எவருமிலர்.

மூன்றாவது, சில திங்களுக்குள் கூலி பெறத்தக்க ஒரு சிறு வேலையேனும் செய்து முடித்து, அதனைக் காட்டத்தக்க வகையில் குறித்து வைக்க. அடுத்து வேலை தருவோர் கேட்பது அதுவே.

இதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தேனாம்பேட்டையில் மெட்ரோ இரயில் ஏறினால் நான்காம் நிலையம் கிண்டி. அங்கே 1958இல் அமைந்த தொழிற்பேட்டை உளது. பிளாஸ்டிக் தொழிலைக் கற்பிக்கும் சிபெட் நிறுவனம் 1968இல் தொடங்கியதும் கிண்டியிலேயே. தரமணியில் தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் உளது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் 1973இல் பொறியியற் பட்டதாரிகளுக்கும், 2014இல் ஏனைப் பட்டதாரிகளுக்கும் விரிக்கப்பட்டது. பழகுங்காலத்தில் உதவித்தொகையும் உண்டு. பி.ஏ. படித்தவர்க்கும் இவ்வழி திறந்திருத்தலைப் பலர் அறியார். தமிழ்நாட்டரசு 2022 மார்ச்சு 1ஆம் நாள் 'நான் முதல்வன்' என்னும் திறன் வளர்ப்புத் திட்டத்தைத் தொடங்கிற்று. ஐ.ஐ.டி. ஆசிரியர்களின் விரிவுரைகளை என்.பி.டி.இ.எல். வாயிலாகக் கட்டணமின்றிக் கேட்கலாம். ஆனால், முன்பணம் கட்டினால் வேலை உறுதி என்பாரிடம் எச்சரிக்கையாயிருங்கள். மந்தகாலத்தில் தழைப்பன அத்தகைய வஞ்சகக் கடைகளும் ஆம்.

இறுதியாகப் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். திருமணப் பந்தலில் ஓர் இளைஞனைக் கண்டவுடன், 'வேலை கிடைத்ததா?' என்று பலர் நடுவே கேட்கின்றோம். அவ்வொரு சொல்லுக்கு அஞ்சி விசேடங்களுக்கே வாராத பிள்ளைகள் நம்முள் உளர். இனி, 'என்ன கற்கின்றாய், தம்பி?' என்று கேட்போம். கையில் எண்ணெய் படியும் வேலை பட்டதாரிக்கு இழுக்கு என்னும் எண்ணத்தையும் ஒழிப்போம். வேலை கிடைக்கவில்லையென்று பெண்மக்களின் படிப்பிற்கு அத்துடன் முற்றுப்புள்ளி வைத்து, மணம் பேசத் தொடங்குதலும் முறையன்று. மைந்தனுக்குத் தரும் ஓராண்டுத் தவணையை மகளுக்கும் தருக.

நம் சங்கம் கல்லூரிச் சம்பளத்திற்கு உதவுவதோடு நில்லாது, பட்டம் பெற்றபின் தொழில் பழகுவார்க்குப் போக்குவரத்துச் செலவும் கருவிகளும் உதவுதல் வேண்டும். கடையும் பட்டறையும் நடத்தும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு பட்டதாரியைப் பழகுநராக ஏற்றல் வேண்டும். இவ்விரண்டையும் அடுத்த கூட்டத்தில் தீர்மானமாகக் கொணருமாறு காரியதரிசி அவர்களை வேண்டி, எம் உரையை முடிக்கின்றோம்.