ஐந்தில் ஐந்து: ஒரு தாத்தாவின் கணக்கு

(நமது சங்கத்தின் பெங்களூர்க் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வீட்டுத் தோட்டம் பற்றிப் பேசச் சொன்னார்கள். ரோஜா, செம்பருத்தி பற்றிச் சொல்வேன் என்று நினைத்திருப்பீர்கள். நான் பேசப் போவது கீரைத் தொட்டிக்கும் ஒன்றரை வயதுக் குழந்தையின் தட்டுக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றி.

என் பேரனுக்கு அப்போது பதினாறு மாதம். கொழுகொழுவென்று இருப்பான். நாலு வேளை பால், மத்தியானம் பருப்பு சாதம், ராத்திரி தயிர் சாதம். காய் கொடுத்தால் துப்பிவிடுவான். மாட்டுப்பெண் கவலைப்பட்டபோது, "பால் குடிக்கிற குழந்தைக்கு என்ன குறை?" என்று தள்ளிவிட்டவன் நான்தான். சளிக்காகப் போன இடத்தில் டாக்டர் அவன் கண் இமையைத் தாழ்த்திப் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். ஹீமோகுளோபின் 8.6! பாலில் இரும்புச் சத்து மிகச் சொற்பம், பாலிலேயே வயிறு நிறைந்தால் மற்ற உணவு உள்ளே போகாது என்பதெல்லாம் விஞ்ஞானம் படித்த எனக்குத் தெரியாததல்ல. சொந்த வீட்டில் பொருத்திப் பார்க்கத் தோன்றவில்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆறிலிருந்து 23 மாதக் குழந்தைகளில் போதுமான உணவு கிடைத்தது 11.3 சதவீதம் பேருக்கே.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் இந்த 23 மாதம் வரையுள்ள வயதுக்கு ஒரு கணக்குச் சொல்கின்றன. உணவை எட்டு வகையாகப் பிரித்திருக்கிறார்கள்: தாய்ப்பால், தானியமும் கிழங்கும், பருப்பு, கடலை வகைகள், பால், தயிர், மாமிசம், மீன், முட்டை, வைட்டமின் ஏ நிறைந்த கீரை, காரட், பறங்கி, பப்பாளி போன்றவை, மற்ற காய்கனிகள். ஒரு நாளில் இவற்றில் ஐந்து வகையாவது குழந்தை சாப்பிட வேண்டும்.

மாமிசமும் முட்டையும் நமக்கில்லை. அது நம் ஆசாரம். அதில் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் கணக்கு கடுமையாகிறது. மிச்சம் ஆறு. தாய்ப்பால் நிறுத்திவிட்டால் ஐந்து. அப்போது ஐந்தில் ஐந்தும் வேண்டும்! சாதம், பருப்பு, தயிர் என்று மூன்று வந்துவிடும். வராத இரண்டு கீரையும் காயும்தான். தெளிவு ரசம் காய்க் கணக்கில் சேராது.

டாக்டர் இரும்புச் சத்து மருந்து கொடுத்தார். அதை விடாமல் கொடுத்தோம். பாலைக் குறைத்தோம். நான் மாடியில் ஆறு தொட்டி வைத்தேன். இந்த ஊரில் அதற்கு வழிகாட்டிகளுக்குக் குறைவில்லை. வேளாண் பல்கலைக்கழகத்தில் பூச்சியியல் பேராசிரியராக இருந்த டாக்டர் பி.என். விஸ்வநாத் மாடித் தோட்டத்தை இங்கே ஓர் இயக்கமாகவே வளர்த்தவர். ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் தந்த 'அர்கா சுகுணா' என்ற தண்டுக்கீரையை ஒரு முறை விதைத்துப் பல முறை வெட்டலாம்.

செம்மண், மக்கிய உரம், தென்னை நார்க் கழிவு மூன்றும் சம பாகம். நாலைந்து மணி நேர வெயில் போதும். தண்டுக்கீரை மூன்று நாலு வாரத்தில் கைக்கு வரும். அஞ்சறைப் பெட்டி வெந்தயத்தைத் தூவினாலே வெந்தயக்கீரை. பசலை பால்கனிக் கம்பியில் ஏறும். பெரிய தொட்டியில் முருங்கையை நறுக்கி நறுக்கிக் கீரைக்காகவே வளர்க்கலாம்.

"வாசலில் சொப்பு விற்கிறவள் வருகிறாளே, வாங்கினால் ஆகாதா?" என்று மாமிகள் கேட்பீர்கள். தாராளமாக வாங்குங்கள். ஆனால் குழந்தைக்கு வேண்டியது ஒரு கைப்பிடி. ஒரு கட்டை ஆய உட்கார நேரமில்லாமல் அது வாடிப் போகும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போகும். தொட்டியில் இருந்தால் தினம் ஒரு கைப்பிடி கிள்ளலாம்.

கீரையைப் பருப்போடு மசித்து ஒரு சொட்டு நெய் விடுங்கள். கொழுப்போடு சேர்ந்தால்தான் வைட்டமின் ஏ-க்கான சத்து நன்றாக உடம்பில் சேரும். ஆறியபின் எலுமிச்சை நாலு சொட்டு. அது இரும்பை உடம்பு ஏற்க உதவும். முதலில் துப்பினால் விட்டுவிடாதீர்கள். பேரன் எட்டொன்பது நாள் துப்பினான். பிறகு என்னோடு மாடிக்கு வந்து தானே கிள்ளிய இலை தட்டில் இருந்ததும், "என் கீரை" என்று வாயைத் திறந்தான்.

நாலு மாதம் கழித்து ஹீமோகுளோபின் 11.2. மருந்துதான் முக்கியம்; ஆனால் மருந்து நின்ற பிறகும் கீரை நிற்கவில்லை.

தொட்டி வைத்தால் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். செடி மாடியிலும் குழந்தை கீழேயும் இருந்தால் பயனில்லை. கிள்ளியது அன்றே தட்டுக்கு வர வேண்டும்.

வெளியூர் அங்கத்தினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தில்லியில் குளிர்காலம் வெந்தயக்கீரைக்கு உகந்தது. மும்பையில் ஜன்னல் கம்பி போதும். சென்னை வெயிலில் பசலையும் முருங்கையும் தாங்கும். சீமந்தத்திலும் ஆண்டு நிறைவிலும் தாம்பூலத்தோடு ஒரு பொட்டலம் கீரை விதை கொடுங்கள். அந்த வீட்டுத் தாத்தா நான் செய்த தப்பைச் செய்யாமல் இருக்கட்டும்.