ஆத்தில் சும்மா இருந்த நாற்பது வருஷம்

(நமது சங்கத்தின் மகளிர் கூட்டத்தில் பிலாய் நகர உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



என்னைப் பேசச் சொல்லி போன் வந்தபோது, "நான் டாக்டரும் இல்லை, ப்ரொபசரும் இல்லை. ஆத்தில் சும்மாதானே இருக்கேன், என்னத்தைப் பேசறது?" என்று கேட்டேன். காரியதரிசி மாமி, "அந்த சும்மாவைப் பத்தியே பேசுங்கோ" என்று சொல்லிவிட்டார். ஆகவே இன்று என் தலைப்பு அதுதான்.

இந்தச் 'சும்மா' நாமாகச் சொல்லிக்கொள்வது மட்டுமல்ல. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டு வேலை மட்டும் செய்கிறவர்களை 'வேலை செய்யாதோர்' என்ற பிரிவில்தான் சேர்க்கிறார்கள். ஆனால் அதே சர்க்கார் 2019-ல் நேரப் பயன்பாட்டுக் கணக்கு ஒன்று எடுத்தது. வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரி 299 நிமிஷம் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிஷம். ஏறக்குறைய ஐந்து மணி நேரம் சும்மா இருக்கிறோம்! 2021 ஜனவரியில் ஒரு விபத்து நஷ்டஈட்டு வழக்கில் உச்ச நீதிமன்றமும், இல்லத்தரசியின் உழைப்புக்குப் பண மதிப்பு உண்டு என்று எடுத்துச் சொன்னது. நல்ல விஷயம். ஆனால் நான் இன்று மதிப்பைப் பற்றிப் பேச வரவில்லை. மனசைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

எனக்குக் கும்பகோணம் பக்கம். 1980-ல் கணிதத்தில் பி.எஸ்ஸி. முடித்தேன். மறு வருஷம் வங்கிப் பரீட்சை எழுதி, குமாஸ்தா வேலைக்குத் தேர்வாகி, உத்தரவும் கையில் வந்தது. அதே சமயம் வரனும் வந்தது. பையன் பிலாய் உருக்காலையில் இன்ஜினியர். வேலையோ தஞ்சாவூர் ஜில்லாவில். மாற்றல் கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள். அப்பா என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் எதிர்பார்த்தார். உத்தரவை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டு, 1982-ல் நாக்பூரில் ரயில் மாறி துர்க் ஸ்டேஷனில் வந்து இறங்கினேன்.

பிலாய் அப்போது மத்தியப் பிரதேசம். 2000 நவம்பரில்தான் சத்தீஸ்கர் தனி மாநிலம் ஆயிற்று. சோவியத் உதவியோடு கட்டி, 1959-ல் முதல் ஊதுலையை ஏற்றிய ஆலை அது. அதைச் சுற்றி செக்டர் செக்டராகக் குவார்ட்டர்ஸ். எங்களுக்குக் கிடைத்தது இரண்டு அறை, முன்னால் ஒரு வாசல், பின்னால் கொஞ்சம் மண். வெயில் 45 டிகிரியைத் தொடும். எனக்குத் தெரிந்த ஹிந்தி, பரீட்சைக்குப் படித்த ஹிந்தி. காய்கறிக்காரர் பேசியது ஒன்றும் புரியவில்லை. அவர் பேசியது சத்தீஸ்கரி என்பதே எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

எனக்குக் கை கொடுத்தது கோலம். முதல் வாரமே விடியற்காலையில் வாசல் தெளித்துப் புள்ளி வைத்தேன். பக்கத்து வீட்டு பாபி வந்து நின்று பார்த்துவிட்டு, "இன்று உங்கள் வீட்டில் என்ன பூஜை?" என்று கேட்டார். அவர்களும் அரிசி மாவால் 'சௌக்' என்று போடுவார்கள், ஆனால் பூஜை, கல்யாணம் போன்ற நாட்களில். "எங்களுக்குத் தினமும் உண்டு" என்றேன். "தினமும் கல்யாணமா!" என்று சிரித்தார். அன்று ஆரம்பித்த ஸ்நேகம், இன்றும் இருக்கிறது.

அவரிடமிருந்து ரக்கியா படி கற்றுக்கொண்டேன். நம் வடாம்தான், ஆனால் உளுந்தை ஊறவைத்து அரைத்து, துருவிய வெள்ளைப் பூசணிக்காயைச் சேர்த்து நன்றாக அடித்து, துணியில் கிள்ளி வைத்துக் காய விடுவார்கள். குழம்பில் போட்டால் அமிர்தம். நான் அவருக்கு ஜவ்வரிசி வடாம் சொல்லிக்கொடுத்தேன். அந்த வெயிலுக்கு வடாம் ஒரே நாளில் சலசலவென்று காய்ந்துவிடும். தஞ்சாவூரில்கூட அப்படிக் காயாது!

பின்பக்க மண்ணில் கறிவேப்பிலை வைத்தேன். ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய விதை முளைக்கவில்லை. பழுத்துக் கறுத்த பழத்தின் விதையை உடனே நட்டால்தான் வரும் என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். மரமாகி, அடியிலிருந்து கன்று வெடித்து, செக்டரில் பாதி வீட்டுக்கு எங்கள் கன்றுதான் போயிற்று.

இதையெல்லாம் கேட்டால் நான் எப்போதும் ஆனந்தமாக இருந்தேன் என்று தோன்றும். அப்படிச் சொன்னால் அது பொய். 1994-ல் மாமியாருக்குப் பக்கவாதம் வந்தது. ஐந்து வருஷம் படுக்கை. இரண்டு குழந்தைகள் பள்ளிக்கூடத்தில். அவருக்கோ ஷிப்ட் ட்யூட்டி. அந்தச் சமயத்தில் என்னோடு பரீட்சை எழுதிய தோழி ஆபீசராகி விட்டாள் என்று கடிதம் வந்தது. அன்று இரவு பெட்டியைத் திறந்து அந்தப் பழைய உத்தரவை எடுத்துப் பார்த்தேன். அழுதேன். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை மாமியாருக்குத் தூத்தம் கொடுத்துவிட்டு, பழைய கணக்கு நோட்டு ஒன்றை எடுத்தேன். மத்தியானம் அம்மா தூங்கும் அந்த ஒரு மணி நேரம் எனக்கு என்று வைத்துக்கொண்டேன். நோட்டில் சிக்குக் கோலம் போட ஆரம்பித்தேன். அதில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. நேர்ப்புள்ளியாக 3 வரிசை, வரிசைக்கு 4 புள்ளி வைத்து, நடுவில் எங்கும் திருப்பாமல், எல்லா இடைவெளியிலும் குறுக்கே போகும்படி வளைத்தால், கோடு ஒரே இழையாகப் போட்ட இடத்துக்கே வந்து சேருகிறது. 4-க்கு 6 வைத்தால் இரண்டு இழை. 6-க்கு 9 வைத்தால் மூன்று. 5-க்கு 7 மறுபடியும் ஒன்று. இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தி எதுவோ, அத்தனை இழை! பக்கம் பக்கமாகப் போட்டுப் பார்த்தேன். ஒரு இடத்திலும் தப்பவில்லை. கல்யாணத்தோடு முடிந்தது என்று நினைத்த என் கணக்கு, வாசலிலேயே தினமும் இருந்திருக்கிறது.

பின்னால் என் பிள்ளை காலேஜில் படிக்கும்போது சொன்னான், கோலத்தைப் பற்றி 1974-லேயே சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து கம்ப்யூட்டர் இலக்கண ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள் என்று. நான் கண்டதையும் அறிஞர்கள் முன்பே கண்டுவிட்டார்கள். எனக்கு ஏமாற்றம் இல்லை. நம் பாட்டிகள் போட்ட கோலம் அவ்வளவு தூரம் போயிருக்கிறதே என்று சந்தோஷம். செக்டர் குழந்தைகளுக்கு நான் பொது வகுத்தி சொல்லிக்கொடுத்தது கோலத்தை வைத்துத்தான். கணக்கில் பயந்த பல குழந்தைகள் மாவும் கையுமாகக் கற்றுக்கொண்டார்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 2016-ல் ஹைதராபாத்தில் என் பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. அப்போது பிரசவ விடுப்பு 12 வாரம்தான். 26 வாரம் ஆனது 2017 ஏப்ரலில். விடுப்பு முடிய ஒரு வாரம் இருக்கும்போது ராத்திரி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கேட்டாள்: "அம்மா, வேலையை விட்டுடட்டுமா? நீ விட்டியே, நீ சந்தோஷமாத்தானே இருக்கே?"

என்ன சொல்வது? ஆமாம் என்றால் அவள் விட்டுவிடுவாள். இல்லை என்றால் என் வாழ்க்கையே வீண் என்று ஆகிவிடும். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். பிறகு அந்த உத்தரவைப் பற்றி, நான் அழுத அந்த ராத்திரியைப் பற்றி, முதல் தடவையாக அவளிடம் சொன்னேன். "நான் சந்தோஷமாத்தான் இருக்கேன்டி. ஆனா அது வேலையை விட்டதாலே தானா வந்த சந்தோஷம் இல்லை. பத்துப் பன்னிரண்டு வருஷம் பாடுபட்டு நானே பண்ணிண்டது. நான் விட்டேன்கிறதுக்காக நீ விட வேண்டாம். உனக்கு வேலை பிடிச்சிருக்கா, அதை மட்டும் சொல்லு" என்றேன்.

"ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றாள். எட்டு மாதம் நான் ஹைதராபாத்தில் தங்கினேன். அதற்கு முந்திய வருஷம்தான் ரிடையர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, பிலாயிலேயே சின்ன வீட்டுக்கு வந்திருந்த என் ஆத்துக்காரர், அந்த எட்டு மாதத்தில் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டார். முதல் மாதம் அதில் புளி மட்டும் இருந்தது; எட்டாவது மாதம் ரசமாகவே இருந்தது. இன்றும் வாரத்தில் இரண்டு நாள் தளிகை அவருடையதுதான். நானும் பெண்ணும் அன்று முதல் எதையும் மறைக்காமல் பேசுகிறோம்.

இங்கிருக்கும் சிறிய வயதுப் பெண்களுக்குச் சில வார்த்தைகள். வீட்டிலிருப்பது என்று தீர்மானித்தால் அது உங்கள் தீர்மானமாக இருக்கட்டும். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்ப் பாஷையை முதல் வருஷமே கற்றுக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு பாபிதான் அவசரத்துக்கு வருவார். ஒரு நாளில் ஒரு மணி நேரம், பாட்டோ, செடியோ, கோலமோ, உங்களுக்கென்று வையுங்கள். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்காதீர்கள். உங்கள் பேரில் ஒரு சேமிப்பு இருக்கட்டும், வீட்டுக் கணக்கு வழக்கு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும். பெரியவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஆத்திலிருக்கும் பெண்ணைப் பார்த்து "சும்மாதானே இருக்கே?" என்றும், ஆபீஸ் போகும் பெண்ணைப் பார்த்து "குழந்தையை யார் பார்த்துக்கறா?" என்றும் கேட்பதை நிறுத்துவோம்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்த அன்று கறிவேப்பிலை மரத்தை விட்டுவர மனசு கேட்கவில்லை. பாபி அதிலிருந்து ஒரு கன்றைப் பெயர்த்துத் தொட்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். புது வீட்டில் அது இப்போது என் உயரத்தைத் தாண்டிவிட்டது. அந்தப் பழைய உத்தரவும் பெட்டியில் இருக்கிறது. எப்போதாவது எடுத்துப் பார்ப்பேன். இப்போது அழுகை வருவதில்லை. அதன் பின்பக்கம் காலியாக இருந்தது. அதில் ஒரு நாள் 5-க்கு 7 புள்ளி வைத்து ஒற்றை இழைக் கோலம் போட்டு வைத்திருக்கிறேன்.