முதலில் காணி
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றிப் பேசும்படி சங்கத்தினர் கேட்டார்கள். அவர் எதெதிலெல்லாம் முதற் பெண்மணி என்பது உங்களுக்குப் பாடம். நான் அவருடைய சட்டம் ஒன்றைப் பற்றியே பேசப் போகிறேன். நாற்பது வருடம் சட்டத்தரணியாக இருந்தவளுக்கு வேறென்ன தெரியும் என்று என் வகுப்புத் தோழிகள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

1886 இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தாயார் சந்திரம்மாள் தேவதாசிக் குலத்தவர். 1912 இல் மருத்துவப் பட்டம் பெற்றவர், பின்னர் சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டு, அதன் உபதலைவராக ஏகமனதாகத் தெரிவானார்.

சிறுமிகளுக்குக் கோயிலிற் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிப்பதே அவர் நோக்கம். நமது திருவிழாக்களுக்கும் அக்கரையிலிருந்து சின்னமேளம் வந்ததைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆட வந்தவர்களின் வாழ்வைப் பற்றி அவர்கள் சொன்னதில்லை.

அந்தக் குடும்பங்களுக்குக் கோயில் மானியக் காணி இருந்தது. சேவை நின்றால் காணியும் போய்விடும். ஆகவே மகளுக்குப் பொட்டுக்கட்ட மனமில்லாத தாயும் கட்டினாள். முத்துலட்சுமி அம்மையார் இந்த முடிச்சைக் கண்டுகொண்டார். 1929 இல் நிறைவேறிய திருத்தச் சட்டம், சேவைக் கட்டுப்பாட்டை நீக்கி, காணியை அந்தப் பெண்களிடமே விட்டது. பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் மசோதாவை அதன் பின்னரே, 1930 இல் கொண்டுவந்தார். அதே வருடம், காந்தியடிகள் கைதானதைக் கண்டித்துப் பதவி துறந்தார். தடைச்சட்டம் நிறைவேற 1947 ஆகிவிட்டது. ஆனால் இடைப்பட்ட காலத்திற் பெண்களின் காலடியில் நிலமாவது இருந்தது.

காணி என்றதும் நமது தேசவழமை நினைவுக்கு வராமல் இராது. மணமான பெண் தன் தாய் தந்த சீதனக் காணியை விற்கவோ ஈடுவைக்கவோ, கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் அப்படிச் சொல்கிறது. கணவன் காணாமற்போயிருந்தால் மாவட்ட நீதிமன்றத்திடம் அனுமதி கேட்க வேண்டும். யுத்தத்தின் பின்னர் இப்படி என்னிடம் உறுதியும் கையுமாக வந்த தாய்மார் பலர். காணி அவர்களுடையது, பிள்ளையின் படிப்புக்காக அதை விற்கவும் அவர்களாற் சுலபமாக முடியவில்லை.

இந்தச் சங்கத்தில் இளம் சட்டத்தரணிகள் பலர் இருக்கிறீர்கள். திருத்த வரைவொன்று எழுத உட்காருவோமா? என் வீட்டு விறாந்தை இருக்கிறது, தேத்தண்ணீரும் தருவேன்.